போரமினிபெரா: ஒரு பாகுபாட்டின் சமூக வரலாறு

எகிப்தின் பிரமிட்டுகளின் அருகே பருப்பு வடிவான சிறு கற்கள் குவிந்து கிடப்பதைக் கிரேக்கப் புவியியலறிஞரான ஸ்திராபோ கண்டார். பிரமிட்டைக் கட்டிய தொழிலாளர் உண்டு எஞ்சிய உணவே அவ்வாறு கல்லாயிற்று என்னும் கதையையும் அவர் பதிந்து வைத்தார். தமது சொந்த நாட்டிலும் அத்தகைய கற்கள் நிறைந்த குன்றொன்று இருப்பதை நினைவுகூர்ந்த அவருக்கு, அதன் காரணம் எளிதிற் புலப்படவில்லை. அக்கற்கள் நுமுலைற்றுக்கள் என்பதை நாம் இன்று அறிவோம். நாலு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இயோசீன் கடலில் வாழ்ந்த தனிக்கல அங்கிகளின் சுண்ண ஓடுகள் அவை. பிரமிட்டின் சுண்ணக்கல்லிலேயே அவை செறிந்துள்ளன.

இலக்கிய மாணவராகிய நாம் இத்துறைக்குட் புகுவது ஏன் என வினவப்படலாம். இலக்கிய வரலாற்றிற் காலப்பாகுபாடு பற்றிய விவாதங்களில், இயற்கை விஞ்ஞானியின் பாகுபாடு விருப்புவெறுப்பற்றது, நமதோ கருத்துநிலை சார்ந்தது என்றொரு வாதம் அடிக்கடி எழுகின்றது. உயிர்ச்சுவடுகளின் பாகுபாட்டு வரலாறு இவ்வாதத்தை ஆதரிக்கவில்லை. அதேவேளை, பாகுபாடு யாவும் வர்க்க நலனின் நிழலே எனக் கூறும் நம்மவர் சிலரையும் அது ஆதரிக்கவில்லை.

பிரான்சின் லா றொஷெல் பகுதிக் கரையோர மணலை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து வளர்ந்த அல்சீட் டோர்பிஞி, 1826இல் இவ்வுயிரிகளுக்குப் போரமினிபெரா, அதாவது துளைதாங்கிகள், எனப் பெயரிட்டார். அறை அறையாகச் சுருண்ட ஓடு நோட்டிலசை ஒத்திருந்தமையால், கணவாயும் அடங்கும் தலைக்காலிகளின் கூட்டத்தில் அவற்றைச் சேர்த்தார். ஒவ்வோர் ஊழியிலும் உயிர்கள் அழிந்து புதிதாகப் படைக்கப்பட்டன என நம்பியவர் அவர். மாறாத இனங்களை அடுக்கி வைக்கும் அலுமாரியே அவரது பாகுபாடு. 1835இல் பெலிக்ஸ் டியூஜார்டின் உயிருள்ள மாதிரிகளை நோக்கியபோது அங்குக் கணவாயைக் காணவில்லை. ஓட்டினின்று இழை இழையாக நீண்டு சுருங்கும் கூழ்போன்ற பொருளையே கண்டார். டோர்பிஞி வீட்டைப் பார்த்து வசிப்போரை ஊகித்தார் எனலாம்.

டார்வினின் நூல் 1859இல் வெளிவந்தது. மூன்றாண்டுகளின் பின் வில்லியம் கார்ப்பென்டர், பார்க்கர், ஜோன்ஸ் ஆகியோரின் துணையுடன் எழுதிய நூலில், இனத்துக்கும் இனத்துக்கும் இடையே கூரிய எல்லை வரைய இயலாதென வாதிட்டார். அறைகளின் அடுக்கைவிட ஓட்டுச்சுவரின் நுண்ணமைப்பையே முதன்மைப்படுத்தினார். அசையா இனம் என்னும் கருத்து இவ்வாறு தளர்ந்தது. ஆயினும் அதனை முற்றாகக் குலைத்தது நுமுலைற்றே. ஒரே படையில் பெரியதும் சிறியதுமாக இரு வடிவங்கள் இணைந்தே காணப்பட்டன. அறிஞர் அவற்றுக்கு இரு வேறு இனப்பெயர் சூட்டி வந்தனர். பெரிய ஓட்டின் நடு அறை மிகச் சிறிது. சிறிய ஓட்டின் நடு அறையோ பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லிஸ்டர், ஷௌடின் ஆகியோர் உயிருள்ள போரமினிபெராக்களில் இலிங்கமுறைத் தலைமுறையும் இலிங்கமில்முறைத் தலைமுறையும் மாறிமாறி வருவதை நிறுவினர். இரண்டு இனங்கள் எனப்பட்டவை ஒரே இனத்தின் இரு தலைமுறைகளாயின. மாற்றமே அங்கியின் இருப்பு முறை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நாம் கண்டதில்லை.

அடுத்த திருப்பம் எண்ணெய்க் கிணற்றில் நிகழ்ந்தது. துளைபொறி பாறையை நொறுக்கும்போது சிப்பி, சங்கு போன்ற பெரிய சுவடுகள் சிதைந்துவிடும். மில்லிமீற்றரிலும் சிறிய இவ்வோடுகளோ சிதையாது மேலே வரும். படையின் வயதைக் கூறும். 1925இல் எஸ்தர் அப்ளின், அல்வா எலிசர், ஹெட்விக் நிக்கர் என்னும் மூன்று பெண்கள் ரெக்சாஸ், லூசியானாக் கரையோரச் சமவெளியின் நிலக்கீழ்ப் படைகள் பற்றிக் கூட்டாகக் கட்டுரை வெளியிட்டனர். மூவரும் ஒன்றோடொன்று போட்டியிட்ட மூன்று நிறுவனங்களின் ஊழியர். மூலதனம் போட்டியிட, உழைப்பு ஒத்துழைத்தது. மெக்சிக்கோவில் எண்ணெய் நிறுவனத்துக்குப் பணியாற்றிய ஜோசப் குஷ்மன், 1923இல் மசச்சூசெற்ஸின் ஷரனிற் சொந்த ஆய்வுகூடம் அமைத்தார். 1928இல் வந்த அவரது நூலின் தலைப்பே போரமினிபெராவின் பாகுபாட்டையும் பொருளாதாரப் பயனையும் ஒருங்கு சேர்த்தது. 1884இல் பிரேடி 10 குடும்பங்களாக வகுத்ததைக் குஷ்மன் 40க்கும் மேற்பட்டனவாகப் பெருக்கினார். படையைப் படையிலிருந்து பிரிக்க வேண்டியவனுக்கு நுண்ணிய வேறுபாடும் விலையுடையது.

இத்துடன் நிறுத்தினால் நமது ஆய்வு எளிதாக முடிந்துவிடும். ஆனால் சோவியத் ஒன்றியத்திற் சுப்போட்டினா, 1953இல், கொக்கேசியப் படைகளின் மிதக்கும் போரமினிபெராக்களை ஆராய்ந்து வெளியிட்டார். அப்போது பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்த திரினிடாட்டின் எண்ணெய்ப் படைகளைப் போலி, 1957இல், அதே கூட்டத்தைக் கொண்டு வலயங்களாகப் பிரித்தார். இரு சமூக அமைப்புகள். உற்பத்தி உறவுகளோ எதிரெதிரானவை. ஆயினும் இருவர்க்கும் காலம் காட்டியவை கடலில் மிதந்து பரவிய ஒரே கூட்டத்து ஓடுகள். எதைத் தேடுவது என்பதைச் சமுதாயம் தீர்மானித்தது. எது கிடைக்கும் என்பதை அது தீர்மானிக்கவில்லை.

லோப்ளிக், தப்பன் தம்பதியர் 1964இலும் 1987இலும் வெளியிட்ட பெருந்தொகுப்புகள் ஓட்டுச்சுவரின் ஆக்கத்தையே அடிப்படையாகக் கொண்டன. 2013இல் பவ்லோவ்ஸ்கியும் உடனாய்வாளரும் மரபணுச் சான்றுகொண்டு அவ்வடிப்படையை மாற்றினர். மணல் ஒட்டிய சுவரும் சுண்ணச் சுவரும் ஒரே கிளையில் கலந்து நின்றன. பல அறை ஓடு தனித்தனியே இரு கிளைகளில் தோன்றியது: ஒன்றின் அறைகள் குழாய் வடிவானவை, மற்றதன் அறைகள் உருண்டை வடிவானவை. அறையின் வடிவம் மீண்டும் முதன்மை பெற்றதைக் கண்டு இதனை டோர்பிஞியின் மீட்சி எனக் கொள்ளலாகாது. அவர் அடுக்கினார், இவர்கள் கூர்ப்பின் வழித்தடத்தைத் தேடினர்.

ஆனால் மரபணு உயிருள்ளவற்றுக்கே துணைபுரியும். பேர்மியன் யுகத்தின் இறுதியில், ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பியூசுலினிட்டுகள் முற்றாக அழிந்தன. நெல்மணியை ஒத்த அவ்வோடுகளில் ஆராய்வதற்கு மரபணு எதுவும் எஞ்சவில்லை. கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிதாகத் தேய்த்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துச் சுவரை நோக்கியே அவற்றின் உறவை இன்றும் கணிக்க வேண்டியுள்ளது.