விண்ணப்பத்துக்கும் பணத்துக்கும் நடுவே

மலர்க் குழு நண்பர்கள் "பழைய வரலாறு ஏதாவது எழுதுங்க சார்" என்று அன்புடன் கேட்டுக்கொண்டார்கள். கட்டடங்களின் வரலாற்றை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது உதவித்தொகையின் வரலாறு. வேளாண்மை படித்த நம்மில் பலர் அந்தப் பணத்தில்தானே பட்டம் வாங்கினோம்!

தமிழ்நாட்டில் வேளாண் கல்வி 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, 1906-ல் கோயமுத்தூருக்கு இடம் மாறியது. 1920-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. ஆனால் உழவர் வீட்டுப் பிள்ளை அங்கே போய்ப் படிப்பது சுலபமாக இருக்கவில்லை. நமக்கெல்லாம் தெரிந்த கணக்குத்தான்: வீட்டில் பணம் வருவது அறுவடைக்கு, மெஸ் பில் வருவது மாதாமாதம்.

இதற்கு வழி பிறந்த வரலாற்றில் முக்கியமான ஆண்டு 1944. தாழ்த்தப்பட்ட மாணவர்கள் பள்ளியிறுதிக்கு மேல் படிக்க இந்திய அரசு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது அப்போதுதான். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த டாக்டர் அம்பேத்கர் விடாமல் வற்புறுத்தியது இதற்குப் பெரிய காரணம். 1948-ல் பழங்குடி மாணவர்களுக்கும் அது கிடைத்தது. பின்னர் 1961-ல் மதிப்பெண் அடிப்படையிலான தேசிய உதவித்தொகையும், 1963-ல் தேசியக் கடன் உதவித்தொகையும் வந்தன. கடன் உதவித்தொகையில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. வாங்கியவர் ஆசிரியப் பணிக்குப் போனால், பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. இன்று அத்திட்டம் இல்லை.

நான் பி.யூ.சி. முடித்து 1974-ல் சேர்ந்தவன். அன்றைக்கு விண்ணப்பம் போடுவதே ஒரு தனிப் படிப்பு. முதலில் ஊர்க் கர்ணம். அவர் நிலத்தையும் வரியையும் பார்த்து எழுதுவார். அப்புறம் மணியக்காரர் கையெழுத்து. அதற்கு மேல் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், கடைசியில் தாசில்தார். நகல்களுக்கு கெஸட்டட் ஆபீசர் அட்டெஸ்டேஷன் வேறு. "ரெண்டு ஏக்கரா மானாவாரிக்கு என்னப்பா வருமானம்னு எழுதறது? மழைய கேட்டுத்தான் எழுதணும்" என்றார் எங்கள் ஊர்க் கர்ணம். கேலிப் பேச்சுதான், ஆனால் விவசாயியின் வருமானச் சான்றிதழில் உள்ள சிக்கல் முழுவதும் அதில் அடங்கிவிட்டது.

1980 நவம்பரில் கர்ணம், மணியம் என்ற பரம்பரைப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. அவர்கள் இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். யார் வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ் என்பதை ஊர்ப் பெரிய குடும்பங்கள் தீர்மானித்த காலம் அதோடு மெல்ல மாறத் தொடங்கியது. உதவித்தொகை வரலாற்றில் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்றைய தம்பி தங்கைகளுக்கு வழிகள் கூடியிருக்கின்றன. 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. அவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்பதாக அறிவித்தது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், தமிழ்ப் புதல்வன் 2024-லும் தொடங்கின. வெளிமாநிலம் சென்று படிப்பவர்களுக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திறன் உதவித்தொகை உண்டு.

திட்டம் எத்தனை வந்தாலும் மாறாத விஷயம் ஒன்று இருக்கிறது. விண்ணப்பம் போடும் நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் சில மாதங்கள் கிடக்கின்றன. எங்கள் காலத்தில் என் அறைத்தோழனுக்கு உதவித்தொகை உத்தரவு வந்து, பணம் வரவில்லை. மெஸ் பாக்கி ஏறிக்கொண்டே போனது. "ஊருக்கே போயிடறேன்டா" என்று பெட்டியைக் கட்டிவிட்டான். விடுதிக் காப்பாளர் தம் பொறுப்பில் பாக்கியைத் தள்ளி வைத்தார். நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். தை மாதம் பணம் வந்ததும் எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தான். பட்டம் பெற்று, பின்னாளில் வேளாண் அலுவலராக எத்தனையோ கிராமங்களுக்கு விதையும் யோசனையும் கொண்டு போனான்.

உத்தரவு அரசாங்கம் கொடுத்தது. நடுவில் இருந்த அந்த நாலு மாதத்தை நண்பர்கள் கொடுத்தார்கள்.

ஆகவே மாணவச் செல்வங்களே, வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேர்க்கைக்கு முன்பே வாங்கி வையுங்கள். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். கடைசித் தேதி வரை காத்திருக்காதீர்கள்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் ஒரு சுழல் நிதி வைப்போம். உதவித்தொகை உத்தரவு வந்தும் பணம் வராத பிள்ளையின் மெஸ் பாக்கியை வட்டியில்லாமல் அதிலிருந்து கட்டுவோம். பணம் வந்ததும் அவர்கள் திருப்பட்டும், அது அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். இந்தப் பொதுக்குழுவிலேயே தீர்மானம் கொண்டு வந்தால், வரும் ஆண்டில் சேரும் பிள்ளை பெட்டி கட்ட வேண்டியிருக்காது.