புரூக்ளின் மஸ்தான்

தமிழ் முஸ்லிம்களுக்கு 'மஸ்தான்' என்னும் சொல் புதியதன்று. இறைக்காதலில் தன்னை மறந்தவர், ஊரார் கண்ணுக்குப் பித்தராகவும் உள்ளறிந்தோர் கண்ணுக்கு ஞானியாகவும் தோன்றுபவர் என்பது அதன் பொருள். குணங்குடியாரை 'மஸ்தான் சாகிபு' என்று நம் முன்னோர் அழைத்ததும் இப்பொருளிலேயாகும். உள்ளத்தில் எழும் இந்தப் பரவசத்தை அரபு மொழியில் 'வஜ்து' என்பர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில், பாட்டைச் செவிமடுப்பதற்கும் அதனால் எழும் வஜ்துக்கும் உரிய ஒழுங்குகளைக் கூற ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கியிருக்கிறார்கள்.

2009 ஆம் ஆண்டு ஜூன் 9 ஆம் நாள் அமெரிக்காவில் வெளியான ஓர் இசைத்தொகுப்பு ஏறத்தாழ இப்பொருளையே பெயராகத் தாங்கி வந்தது. 'தி எக்ஸ்டாட்டிக்' என்பது அதன் பெயர். பரவசமுற்றவன் என்று தமிழில் கூறலாம். அதனைப் படைத்தவர் நியூயார்க் மாநகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்த கறுப்பின முஸ்லிம். அப்போது அவரை உலகம் மாஸ் டெஃப் என்று அறிந்திருந்தது. 2011 இல் அப்பெயரைத் துறந்து யாஸீன் பே என்று தம்மை அழைக்கக் கேட்டுக்கொண்டார். நம் இல்லத்துப் பிள்ளைகளும் இத்தகைய பாடல்களைக் கேட்டு வளரும் காலம் இது. ஆதலின் அத்தொகுப்பை அமெரிக்கா எவ்வாறு வரவேற்றது என்பதையும், நாம் அதனை எந்த அளவுகோல் கொண்டு அளக்க வேண்டும் என்பதையும் சிறிது ஆராய்வோம்.

ராப் என்பது பண் அமைத்துப் பாடுவதன்று. தாளத்தின்மீது எதுகையும் இயைபும் செறிந்த சொற்களை விரைந்து சொல்லிச் செல்வது. அரபு இலக்கியம் கற்றோர்க்கு இது முற்றிலும் அன்னியமாகத் தோன்றாது. ஒட்டகம் ஓட்டும்போதும் போர்க்களத்தில் எதிர்த்து நிற்கும்போதும் அரபியர் நின்ற நிலையில் கட்டிச் சொன்ன 'ரஜஸ்' யாப்பை அது நினைவூட்டும். ராப் பாடகர் இருவர் மேடையில் ஒருவரையொருவர் வசைபாடி வெல்ல முயல்வது, உமையாக்கள் காலத்தில் ஜரீரும் ஃபரஸ்தக்கும் பல்லாண்டுகள் தொடுத்த 'நகாயிள்' என்னும் எதிர்ப்பாட்டுப் போரை நினைவூட்டும். இரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்று நாம் கூறவில்லை. நாவன்மையைச் செல்வமாகக் கொண்ட மக்கள் எங்கிருப்பினும் இத்தகைய கலை முளைக்கும் என்றே கூறுகிறோம்.

இக்கலை பிறந்த நாளாகக் கொண்டாடப்படுவது 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்னும் இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றிய விருந்தே அதன் தொட்டில். அதே ஆண்டு டிசம்பரில் புரூக்ளினில் பிறந்தவர் யாஸீன் பே. கலையும் கலைஞரும் ஏறக்குறைய ஒரே வயதினர்.

ஆனால் அவர் ஏந்திய ஈமானின் வரலாறு இதனினும் மிக நீண்டது. ஆப்பிரிக்காவின் ஃபூட்டா டோரோ நாட்டில் கல்வி கற்ற உமர் இப்னு ஸயீத் என்பார், 1807 இல் அடிமையாக அமெரிக்கக் கரையில் இறக்கப்பட்டார். 1810 இல் தப்பியோடிப் பிடிபட்டு வட கரோலினாவின் சிறையொன்றில் அடைக்கப்பட்டபோது, அதன் சுவர்களில் அரபு மொழியில் எழுதினார். 1831 இல் தம் வரலாற்றை அரபியிலேயே எழுதிய அவர், அதன் தொடக்கத்தில் அல்முல்க் அத்தியாயத்தை வரைந்தார். அந்தக் கையெழுத்துப் படி இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. உடல் விலங்கிடப்பட்ட நிலையிலும் மதரஸாவில் கற்ற எழுத்து அவர் கையை விட்டு நீங்கவில்லை.

அடிமை முறையின் கொடுமையால் அந்த முதல் தலைமுறைகளின் மார்க்கம் பெரும்பாலும் அழிந்துபட்டது. 1930 இல் டெட்ராயிட் நகரில் தோன்றிய 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கம் கறுப்பின மக்களுக்குத் தன்மானத்தை ஊட்டியது. எனினும் அதன் கொள்கைகள் பல இஸ்லாத்தின் அடிப்படைக்கே மாறானவை. அவ்வியக்கத்தின் முதன்மைப் பேச்சாளராக இருந்த மால்கம் எக்ஸ் 1964 இல் அதிலிருந்து விலகி, அவ்வாண்டே ஹஜ்ஜு செய்து, நிறவேறுபாடற்ற தூய மார்க்கத்தைக் கண்டுகொண்டார். 1965 பிப்ரவரி 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1975 இல் அவ்வியக்கத் தலைவர் எலைஜா முஹம்மது மறைந்தபின், அவருடைய மைந்தர் இமாம் வாரிஸுத்தீன் முஹம்மது தம்மைப் பின்பற்றிய பெருந்திரளை ஸுன்னத் வல்ஜமாஅத்தின் நேர்வழிக்குக் கொண்டுவந்தார். அவ்வாறு வந்தவர்களுள் யாஸீன் பேயின் தந்தையும் ஒருவர். மைந்தர் தம் 19 ஆம் வயதில் ஷஹாதத் கலிமாவை மொழிந்தார்.

1998 இல் தோழர் தாலிப் குவேலியுடன் 'பிளாக் ஸ்டார்' என்னும் பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டார். 1999 இல் வந்த 'பிளாக் ஆன் போத் ஸைட்ஸ்' என்னும் முதல் தனித்தொகுப்பு அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. அதன் முதல் ஒலியே பிஸ்மிதான். பெரும்பணம் புரளும் அமெரிக்க இசைச் சந்தையில் ஓர் இளைஞர் இறைவன் திருப்பெயரை ஓதித் தம் சொல்லைத் தொடங்கியது சிறிய செய்தியன்று. ஆனால் 2004 இலும் 2006 இலும் வெளிவந்த அடுத்த இரண்டும் அந்த வரவேற்பைப் பெறவில்லை. அவர் திரைப்படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். பாவலர் நடிகராகிவிட்டார் என்றே பலரும் எண்ணினர்.

இந்நிலையில்தான் 'தி எக்ஸ்டாட்டிக்' வந்தது. விக்டர் லவால் என்பார் 2002 இல் எழுதிய புதினத்தின் பெயரையே அவர் எடுத்துக்கொண்டார். முற்காலத்தில் பித்தரோ இறையருள் பெற்றவரோ என்று அறிய முடியாமல் ஊரார் ஒதுக்கிவைத்த மனிதரைக் குறித்த சொல் அது என்று அவரே விளக்கினார். மேலட்டையில் சார்லஸ் பர்னெட் என்னும் கறுப்பின இயக்குநரின் 'கில்லர் ஆஃப் ஷீப்' திரைப்படத்திலிருந்து ஒரு காட்சி; ஏழைச் சிறுவன் ஒருவன் இரு கட்டடங்களின் கூரைகளுக்கிடையே தாவுகிறான்.

தொகுப்பில் 16 பாடல்கள். முதற்பாடலின் வாயிலில் கேட்பது மால்கம் எக்ஸின் குரல். 1964 டிசம்பர் 3 அன்று, ஹஜ்ஜுக்குப் பின், ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் மன்றத்தில் அவர் ஆற்றிய உரையின் பகுதி. அதனைத் தொடர்வது துருக்கியப் பாடகி ஸெல்தா பாஜானின் பழைய இசை. மற்றொரு பாடலின் முன் நைஜீரியாவின் ஃபெலா குட்டி பேசுகிறார். ஒரு பாடல் ஸ்பானிய மொழியில் அமைந்தது. வேறொன்றின் பெயர் 'வாஹித்' என்னும் அரபுச் சொல். ஒருவன் என்று பொருள். 'ஆடிட்டோரியம்' என்னும் பாடலின் இசையை, இந்தியத் திரையிசைத் துணுக்குகளைக் கொண்டு மேட்லிப் என்பவர் முன்னரே அமைத்திருந்தார். அப்பாடலில் மூத்த பாடகர் ஸ்லிக் ரிக், இராக்கில் நிற்கும் அமெரிக்கப் படைவீரனாக மாறி, அம்மக்களின் வெறுப்பு தன்மீது ஏன் பாய்கிறது என்று திகைக்கிறார். 'பிரையாரிட்டி' என்னும் மிகச் சிறிய பாடல், வாழ்வில் எது எதற்கு முன் நிற்க வேண்டும் என்று வரிசைப்படுத்தி, இறைவனை அனைத்திற்கும் முன் நிறுத்துகிறது.

காலத்தையும் கருத வேண்டும். இத்தொகுப்பு வெளிவர ஐந்து நாள்களுக்கு முன்னர்தான், ஜூன் 4 அன்று, அதிபர் ஒபாமா கெய்ரோவில் முஸ்லிம் உலகை நோக்கி ஸலாம் கூறி உரையாற்றினார். 2001 க்குப் பின் அமெரிக்க முஸ்லிம்கள் தம் நாட்டுப்பற்றை ஓயாது மெய்ப்பிக்க வேண்டிய நிலையில் வாழ்ந்தனர். யாஸீன் பேயின் தொகுப்பில் அந்த மன்றாட்டு இல்லை. போதகரின் அதட்டலும் இல்லை. தாம் முஸ்லிம் என்பதை மூச்சுவிடுவதுபோல் இயல்பாகக் கொண்டு அவர் பேசினார். இதுவே அதன் வரலாற்றுச் சிறப்பு என்று நாம் கருதுகிறோம்.

வரவேற்பைப் பார்ப்போம். விமர்சகர் பெரும்பாலோர் பாராட்டினர். பத்தாண்டுக்குப் பின் அவர் தம் பழைய தரத்தை எட்டிவிட்டார் என்பதே பொதுத் தீர்ப்பாக இருந்தது. பில்போர்டு பட்டியலில் தொகுப்பு 9 ஆம் இடத்தில் நுழைந்தது. முதல் வாரத்தில் ஏறத்தாழ 39,000 படிகள் விற்றன. இசைத்தட்டு வாணிகம் நலிந்துகொண்டிருந்த அக்காலத்தில், பாடல் பட்டியல் அச்சிட்ட சட்டையொன்றை விற்று, அதிலுள்ள குறியெண்ணைக் கொண்டு பாடல்களைக் கணினியில் இறக்கிக்கொள்ளச் செய்தனர். 2010 ஜனவரி 31 அன்று வழங்கப்பட்ட கிராமி விருதில், சிறந்த ராப் தொகுப்புக்குரிய ஐந்து பெயர்களுள் இதுவும் இருந்தது. கமால் என்னும் பெயர் பூண்ட முஸ்லிமான க்யூ டிப்பின் 'தி ரினைசன்ஸ்' மற்றொன்று. ஐவருள் இருவர் கலிமா சொன்னவர்கள்! விருது எமினெமின் 'ரிலாப்ஸ்' தொகுப்புக்குச் சென்றது.

புகழ்ந்தோர் இசையின் வண்ணங்களையும் சொல்லின் வேகத்தையும் புகழ்ந்தனர். அதில் ஓடிய ஈமானை அவ்வண்ணங்களுள் ஒன்றாகவே எண்ணிக் கடந்தனர் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் நாமும் இருவகையில் பிழைபடக்கூடும். 'கூத்தாடியின் பாட்டு' என்று கேளாமலே ஒதுக்குவது ஒன்று. 'நம்மவர்' என்று பெருமிதம் கொண்டு, அவர் சொல்வதனைத்தையும் மார்க்கமாக்கிவிடுவது மற்றொன்று. இசைக்கருவிகளை ஃபுகஹாக்களில் பெரும்பாலோர் தடுத்திருக்கிறார்கள். அதனை மறைப்பது நேர்மையாகாது. இப்பாடல்களில் நம் இல்லத்தில் ஒலிக்கத் தகாத சொற்களும் உள்ளன. ஆயினும் கவிதையும் பேச்சே, அதில் நல்லது நல்லதே, தீயது தீயதே என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. அண்ணலார் (ஸல்) அவர்கள் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களின் நாவைச் சத்தியத்தின் பாதுகாப்புக்குப் பயன்படுத்தியதையும் நாம் மறப்பதற்கில்லை.

திருமறையின் அஷ்ஷுஅரா அத்தியாயம் கவிஞர்மீது சாட்டும் குற்றங்களுள் ஒன்று, செய்யாததைச் சொல்வது. ஈமான் கொண்டு நற்செயல் புரிந்து, இறைவனை அதிகம் நினைந்து, அநீதி இழைக்கப்பட்டபின் எதிர்த்து நின்றோரை அது விலக்களித்துக் காக்கிறது. அளவுகோல் இதுதான். 2013 இல் குவாண்டனாமோ சிறையில் நூற்றுக்கு மேற்பட்ட கைதிகள் உண்ணாநோன்பு இருந்தனர்; அவர்களுட் பலருக்கு மூக்கின் வழியே குழாய் செலுத்தி வலிந்து உணவு புகட்டப்பட்டது. ரமளான் நெருங்கிய வேளையில், யாஸீன் பே அதே கொடுமையைத் தம் உடல்மீது செய்துகாட்ட முன்வந்தார். ரிப்ரீவ் என்னும் மனித உரிமை அமைப்புக்காக ஆஸிஃப் கபாடியா அதனைப் படமாக்கினார். நாவன்மையில் இணையற்ற அம்மனிதர் வலி தாளாது, நிறுத்துமாறு கெஞ்சி அழுதார். அங்கே எதுகை இல்லை, தாளம் இல்லை. 2009 இல் சொன்ன சொல்லுக்கு உடல் சான்று கூறியது. உள்ளத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே; கண்ட செயலை மட்டுமே நாம் கூறுகிறோம்.

ஆதலின் பிள்ளைகள் இப்பாடல்களைக் கேட்கக் காண்போமாயின், கடிந்து விரட்டுவதற்குமுன் அருகில் அமர்ந்து, சிறைச்சுவரில் அரபு எழுதிய உமர் இப்னு ஸயீதின் வரலாற்றை அவர்களுக்குச் சொல்வோம். பாடலில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று பிரித்துக் காட்டுவோம். சொல்லைச் செவியுற்று அதில் அழகானதைப் பின்பற்றும் அடியார்களுக்கு அஸ்ஸுமர் அத்தியாயத்தில் அல்லாஹ் நன்மாராயம் கூறுகிறான். அக்கூட்டத்தில் நம்மையும் நம் மக்களையும் அவன் சேர்த்தருள்வானாக! ஆமீன்.