கணக்கு யாருடையது, கணக்குக் கேட்பவர் யார்?

2019 நவம்பரில் இந்தியப் பயனர்கள் பலர் ட்விட்டரை விட்டு மாஸ்டடான் என்னும் தளத்திற்குக் குடிபெயர்ந்தனர். உச்ச நீதிமன்ற மூத்த வழக்குரைஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கு முடக்கப்பட்டது உடனடிக் காரணம். நாஜி வணக்கம் செலுத்த மறுத்துக் கைகட்டி நிற்கும் ஒரு மனிதரின் பழைய ஒளிப்படத்தைத் தம் முகப்பில் வைத்திருந்ததற்காகவும், கோரக் பாண்டேயின் இந்திக் கவிதையொன்றைப் பகிர்ந்ததற்காகவும் அவர் நடவடிக்கைக்கு உள்ளானார். அதே நாள்களில், கணக்குகளுக்குச் சரிபார்ப்புக் குறி வழங்குவதில் சாதிப் பாகுபாடு நிலவுவதாகத் தலித் அறிவாளர்கள் குற்றஞ்சாட்டினர். கண்ணுக்குத் தெரியாத ஒரு நிறுவனம் தன் விருப்பப்படி நம் வாயை அடைக்கலாம் என்னும் நிலைக்கு மாற்றாகவே மாஸ்டடான் அன்று முன்வைக்கப்பட்டது.

நான் அப்போது மொழியியல் முதுகலை மாணவன். விடுதி நண்பர்கள் சிலர் ஒரு சிறிய வழங்கியில் கணக்குத் தொடங்கினோம். வட்டார வழக்குச் சொற்களைப் பற்றி அங்கே நாள்தோறும் எழுதிவந்தேன். ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு காலையில் அத்தளம் திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை. அதன் நிர்வாகி யார், எந்த ஊரினர், எங்கள் பதிவுகளின் படி எவரிடமேனும் உள்ளதா என எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பெருநிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்கவேனும் ஒரு முகவரி உண்டு. எங்களுக்கு அதுவும் இல்லை.

தமிழில் 'கணக்கு' என்னும் சொல் வலைத்தளத்தில் நாம் வைத்திருப்பதையும் குறிக்கும். பொறுப்பிலிருப்பவரிடம் நாம் கேட்பதையும் குறிக்கும். மையமற்ற வலைத்தளங்களின் நாற்பதாண்டு வரலாற்றைப் படிக்கும்போது இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தொடர்வதைக் காண்கிறேன். பொறிகளைப் பரவலாக்குவதும் அதிகாரத்தைப் பரவலாக்குவதும் தரவைப் பயனர் கையில் ஒப்படைப்பதும் மூன்று தனித்தனிச் செயல்கள். முதலாவது நிகழ்ந்தால் மற்றவை தாமே நிகழும் என்று ஒவ்வொரு தலைமுறையும் நம்பியது. ஒவ்வொரு தலைமுறையும் ஏமாந்தது.

தொடக்கம் யூஸ்நெட். 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோரின் எண்ணத்தில் உருவாகி, 1980இல் பொதுவெளிக்கு வந்தது. அதற்கென மைய வழங்கி ஏதுமில்லை. ஒரு கணினி மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்துச் செய்திகளைக் கைமாற்றிக்கொள்ளும். ஆயினும் நெடுந்தொலைவு அழைப்புகளுக்குப் பணம் வேண்டும். அச்செலவை ஏற்கும் வசதி வாய்ந்த சில நிலையங்களின் வழியாகவே பெரும்பகுதிச் செய்திகள் பாய்ந்தன. அந்நிலையங்களின் நிர்வாகிகளை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் எந்தக் குழு நாடெங்கும் சென்றடையும், எது சென்றடையாது என்பது அவர்கள் கையில் இருந்தது. 1986-87இல் குழுக்கள் அனைத்தையும் ஏழு தலைப்புகளின்கீழ் அவர்கள் மறுபெயரிட்டு ஒழுங்குபடுத்தியபோது அந்த அதிகாரம் வெளிப்படையாகத் தெரிந்தது. அதில் நிறைவுறாதோர் 1987இல் 'ஆல்ட்' என்னும் தனிக் கிளையைத் தோற்றுவித்தனர். மையமில்லா அமைப்பில் நிர்வாகிக்கு எதிரான முதற்கருவி பிரிந்து செல்வதே என்பது அன்றே நிலைபெற்றது.

தரவின் கதை இன்னும் நுட்பமானது. யூஸ்நெட்டில் ஒருவர் தம் பதிவை நீக்க விரும்பினால் 'ரத்து' என்னும் செய்தியை அனுப்பவேண்டும். அது கட்டளை அன்று; வேண்டுகோள். ஒவ்வொரு நிலையமும் அதை ஏற்கலாம், புறக்கணிக்கலாம். பிறர் பெயரில் போலியாகவும் அதை அனுப்ப முடிந்தது. பதிவுகள் சில வாரங்களில் தாமாக அழிந்துவிடும் என்று எழுதியோர் எண்ணினர். ஆனால் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் பணியாற்றிய ஹென்றி ஸ்பென்சர், 1981 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுப் பதிவுகளைக் காந்த நாடாக்களில் சேமித்துவந்தார். 1995இல் தேஜாநியூஸ் நிறுவனம் பதிவுகளைத் திரட்டித் தேடக்கூடியதாக்கியது. 2001இல் கூகுள் அத்தொகுப்பை வாங்கி, அவ்வாண்டின் இறுதிக்குள் பழைய நாடாக்களின் உள்ளடக்கத்தையும் சேர்த்து வெளியிட்டது. ஆய்வாளருக்கு அது புதையல். இருபது வயதில் எழுதியதை நாற்பது வயதில் உலகமே தேடிப் படிக்கும் என்று எதிர்பாராதவருக்கு அது வேறொன்று. தனித்தனி நிர்வாகிகள் ஆண்ட ஒரு வெளியின் நினைவு, அதில் எழுதியவர்களின் ஒப்புதலின்றி ஒரே நிறுவனத்தின் உடைமையாயிற்று.

அடுத்த பெருமுயற்சி 2010இல் தோன்றிய டயாஸ்போரா. நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் நால்வர் பத்தாயிரம் டாலர் கேட்டுப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டத் தொடங்கினர். ஏறத்தாழ இரண்டு இலட்சம் டாலர் சேர்ந்தது. ஃபேஸ்புக்கிடம் சிக்கிய தரவைப் பயனருக்கே மீட்டுத் தருவதாக அவர்கள் அறிவித்தனர். தரவு இருக்கும் வழங்கிக்கு 'பாட்' என்று பெயர். அதை நடத்துபவர் 'பாட்மின்'. ஒவ்வொருவரும் தமக்கெனச் சொந்த வழங்கி நடத்துவர் என்பது கனவு. பெரும்பாலோர் வேறொருவருடைய வழங்கியில் குடியமர்ந்தனர் என்பது நடப்பு. 2014 ஆகஸ்டில், ட்விட்டரிலிருந்து நீக்கப்பட்ட ஐ.எஸ். அமைப்பினர் டயாஸ்போராவுக்கு வந்தபோது, மைய வழங்கி இல்லாமையால் அப்பதிவுகளை நீக்கும் வழி தங்களுக்கு இல்லை என்று திட்டக் குழுவினர் தெரிவித்தனர். அவர்கள் செய்ய முடிந்தது, கணக்குகளைப் பட்டியலிட்டு ஒவ்வொரு பாட்மினுக்கும் தெரிவிப்பது மட்டுமே. பெரிய வழங்கிகள் அவற்றை நீக்கின. பொறுப்பு முழுவதும் ஊதியமற்ற தனிமனிதர்களின் மனச்சான்றில் நின்றது. இந்தியாவிலும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கூட்டாகச் சேர்ந்து, நன்கொடையைக் கொண்டு டயாஸ்போரா வழங்கி நடத்தியுள்ளனர் என்பதை இங்கே குறிப்பிடவேண்டும்.

ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ 2016இல் வெளியிட்ட மாஸ்டடான் இம்மரபின் தொடர்ச்சி. வெவ்வேறு வழங்கிகள் தம்முள் பேசிக்கொள்ள உதவும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை 2018 ஜனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக ஏற்பு பெற்றது. அதன்படி ஒரு பதிவு பல வழங்கிகளுக்குப் படியாகச் செல்கிறது. நீக்கினால் நீக்கல் செய்தியும் பின்தொடர்ந்து செல்கிறது; பெறும் வழங்கி அதற்குக் கீழ்ப்படியும் என்பதற்கு உறுதி இல்லை. யூஸ்நெட்டின் 'ரத்து' செய்தி முப்பதாண்டுக்குப் பின் மறுபிறவி எடுத்ததாகவே இதைக் கொள்ளலாம். தனிச்செய்திகளும் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை. அவற்றை அனுப்புபவரின் நிர்வாகியும் பெறுபவரின் நிர்வாகியும் தரவுத்தளத்தில் காண முடியும். மாஸ்டடானின் எழுதும் பெட்டியிலேயே இதுபற்றிய எச்சரிக்கை இருக்கிறது. அதைப் படிப்போர் சிலரே.

இதன் விளைவை 2023 உணர்த்தியது. அவ்வாண்டு மே மாதம் கோலெக்டிவா.சோஷியல் வழங்கியின் நிர்வாகி ஒருவர் வீட்டில், வழங்கிக்குத் தொடர்பற்ற வேறொரு விசாரணைக்காக, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. சோதனை நடத்தி மின்னணுக் கருவிகள் அனைத்தையும் கைப்பற்றியது. பராமரிப்புப் பணிக்காக அவர் எடுத்து வைத்திருந்த தரவுத்தளப் படியொன்று, மறையாக்கம் செய்யப்படாத நிலையில், அவற்றுள் இருந்தது. பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள், தனிச்செய்திகள், அண்மைக்கால இணைய முகவரிகள் ஆகியவை அவ்வாறு அரசின் கைக்குச் சென்றன. பயனர்கள் இதை அறிந்தது ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்தே. நிர்வாகியிடம் தீய நோக்கம் இல்லை. கவனக்குறைவு ஒன்றே இருந்தது. ஆயிரக்கணக்கானோரின் காப்பு ஒரு தனிமனிதரின் மேசையைச் சார்ந்திருந்தது.

நிர்வாகி சரியில்லை என்றால் வேறிடம் செல்லலாமே என்பது வழக்கமான விடை. 2019 அக்டோபரில் வந்த மாஸ்டடான் 3.0 பதிப்பு, பின்தொடர்வோரைப் புதிய கணக்கிற்கு மாற்றும் வசதியைத் தந்தது. ஆனால் பழைய பதிவுகள் உடன் வருவதில்லை. மேலும் இடமாற்றச் செய்தியைப் பழைய வழங்கிதான் அனுப்பவேண்டும். அது அணைந்துவிட்டால் வாயில் மூடிவிட்டது. 2023 பிப்ரவரியில் மாஸ்டடான்.லால் வழங்கியின் நிர்வாகி, தமக்கு வந்த வெறுப்புச் செய்திகளைக் காரணம் காட்டித் தளத்தை மூடப்போவதாக மூன்று மாத முன்னறிவிப்புத் தந்தார்; பயனர்கள் வெளியேற முடிந்தது. 2024 பிப்ரவரியில் குயர்.ஏ.எஃப். வழங்கியின் பெயரைத் தாலிபான் அரசு முடக்கியபோது அவ்வாய்ப்பு இல்லை. அப்பெயரின் ஈற்றெழுத்துகள் ஆப்கானிஸ்தானுக்கு உரியவை. நம் நாட்டில் 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த கைபேசி எண் பெயர்வு வசதியை இதனுடன் ஒப்பிடலாம். அங்கே எண் வாடிக்கையாளரோடு செல்கிறது; நிறுவனமே மாறுகிறது. மாஸ்டடானில் பயனரின் பெயரே வழங்கியின் பெயரோடு பிணைந்துள்ளது. ப்ளூஸ்கையின் ஏடி நெறிமுறை அடையாளத்தை வழங்கியிலிருந்து பிரிக்க முயல்கிறது. ஆயினும் பெரும்பாலான அடையாளங்களைப் பதிந்துவைக்கும் ஏடு அந்நிறுவனத்தின் பொறுப்பிலேயே வளர்ந்துவந்துள்ளது.

பொறுப்புடைமையை உண்டாக்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2019இல் மாஸ்டடான் ஒரு வழங்கி உடன்படிக்கையை வெளியிட்டது. வெறுப்புப் பேச்சுக்கு எதிரான முனைப்பான மட்டுறுத்தல், நாள்தோறும் காப்புப்படி, நெருக்கடியில் உள்நுழைய இரண்டாவது நபர் ஒருவர், மூடுவதற்கு மூன்று மாத முன்னறிவிப்பு ஆகியவை அதன் விதிகள். மீறினால் கிடைக்கும் தண்டனை, திட்டத்தின் பட்டியலிலிருந்து நீக்கம் மட்டுமே. சோஷியல்.கூப் என்னும் வழங்கி கூட்டுறவுச் சங்கமாக இயங்குகிறது. உறுப்பினர் சந்தா செலுத்தி, விதிகளை வாக்களித்து முடிவு செய்கின்றனர். மறுபுறம், ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் அலுவலகம் 2022 ஏப்ரலில் தொடங்கிய மாஸ்டடான் வழங்கி, பொறுப்பேற்க வேறு நிறுவனம் முன்வராமையால் 2024 மே மாதத்தில் மூடப்பட்டது. தரவுரிமையைக் காக்கவென்றே அமைந்த அலுவலகத்திற்கே இது சுமையாயிற்று என்றால், இரவில் தனியே விழித்திருந்து வழங்கியைப் பராமரிக்கும் இளைஞரின் நிலையையும் நாம் கருதவேண்டும். 2025 ஜனவரியில் மாஸ்டடான் திட்டமே தன் உடைமையை நிறுவனரிடமிருந்து இலாப நோக்கற்ற அமைப்பொன்றிற்கு மாற்றப்போவதாக அறிவித்தது. ஒருவர் கையிலிருந்து பலர் கைக்கு மாறுவதே இதுவரை நாம் கண்ட மெய்யான சீர்திருத்தம்.

இந்தியச் சட்டம் இவ்வெளியை இன்னும் சரியாகக் காணவில்லை. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் இடைநிலையாளர் ஒவ்வொருவரும் குறைதீர் அலுவலரை அமர்த்தவேண்டும் என்றும், 24 மணி நேரத்தில் புகாருக்கு ஒப்புகை தந்து 15 நாள்களில் தீர்க்கவேண்டும் என்றும் வகுத்தன. கூடுதல் கடமைகள் 50 இலட்சம் பதிவுற்ற பயனர்களைக் கடந்த தளங்களுக்கு. இருநூறு பேருக்கு வழங்கி நடத்தும் மாணவருக்கு முதல் விதியே பெருஞ்சுமை. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையைத் தருகிறது; தனிப்பட்ட அல்லது இல்லப் பயன்பாட்டிற்கு விலக்கு அளிக்கிறது. நண்பர் குழுவுக்கான வழங்கி இல்லப் பயன்பாடா, பொதுச் சேவையா? சட்டத்தின் சொற்களில் இதற்கு நேர்விடை இல்லை. இன்னொன்று: 2019ஆம் ஆண்டு மசோதாவில் இருந்த தரவுப் பெயர்வுரிமை, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஐரோப்பிய ஒழுங்குமுறை 20ஆம் பிரிவில் அளிக்கும் அவ்வுரிமையே, மையமற்ற தளங்களின் பயனருக்கு மிகவும் வேண்டிய உரிமை.

ஆய்வாளர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. என் துறையில் யூஸ்நெட் தொகுப்புகளைச் சான்றாகக் கொள்வது நெடுநாள் வழக்கம். நானும் வகுப்புப் பணிகளில் பயன்படுத்தியிருக்கிறேன். மாஸ்டடான் பதிவுகளைத் திரட்டி 2019இல் வெளியான ஆய்வுத் தரவுத்தொகுப்பொன்று, ஒப்புதல் பெறவில்லை என்று பயனர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பொதுவில் படிக்கக் கிடைப்பது யாவும் பொதுவில் எடுத்துக்கொள்ளத் தக்கது அன்று. நிர்வாகியிடம் கணக்குக் கேட்கும் நாம், நம்மிடம் உள்ள தரவுக்கும் கணக்குக் காட்டவேண்டும்.

இப்போது பல்கலைக்கழகத் துறைகளும் ஆய்வுக் குழுக்களும் சொந்த வழங்கிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியுள்ளன. நல்லதே. ஆனால் முதல் கணக்கைத் திறக்குமுன் மூன்று வினாக்களுக்கு எழுத்தில் விடை இருக்கட்டும்: நிர்வாகி யார், அவர் இல்லாதபோது யார்? எவை சேமிக்கப்படுகின்றன, எத்தனை நாள், எவர் பார்க்கலாம்? வெளியேறுபவர் எவற்றை எடுத்துச் செல்லலாம்? நான் தொலைத்த வட்டாரச் சொற்கள் எங்கேனும் ஒரு வன்தட்டில் இன்னும் இருக்கக்கூடும். அவற்றைக் கேட்டுப் பெற என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை. அடுத்து வரும் மாணவருக்கு அந்தப் பெயராவது தெரிந்திருக்கவேண்டும்.