மலைபடுகடாம் காட்டும் அருவி வழி

அருவியும் மலைப்பிளவும் நாடிச் செல்லுதல் மேனாட்டார்வழி வந்த பழக்கம் என்பாரும் உளர். ஆங்கிலப் புலவர் தாமசு கிரே 1769-இல் லோடோர் அருவியையும் கோர்டேல் மலைப்பிளவையும் கண்டு எழுதிய நாட்குறிப்பை அவர்கள் சான்று காட்டலாம். எனினும், 583 அடிகளால் இயன்ற மலைபடுகடாத்தையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். செங்கண்மாவின் தலைவன் நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் பெருங்கௌசிகனார், பாசி படர்ந்து அடி தளர்க்கும் நீர்வழிகளைச் சிறுமூங்கிலும் கொறுக்கச்சியும் பற்றிக் கடக்குமாறு அறிவுறுத்துகின்றார். அரமகளிர் அருவியாடும் ஓசையைக் கூத்தர்தம் இசைக்கருவிகளின் ஒலியோடு ஒப்பிடுகின்றார். இவை மலைவழியை நன்கறிந்த புலமையைக் காட்டுவன என்பது எம் கருத்து.

ஆயினும் இரண்டனையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. கிரே காட்சி நாடிச் சென்றார். கூத்தர் செல்வது பரிசில் நாடி. அருவி அவர்க்கு நோக்கமன்று. வழியிற் பெறும் பேறு. வறுமையான் வழி நடப்பார்க்கும் அருவியோசை கேட்டு இன்புறும் செவியுண்டு எனப் புலவர் கொண்டமையே இந்நூலின் தனிச்சிறப்பாகும்.