லினக்ஸ் கர்னல் பூட் அளவுருக்களும் கோப்பு முறைமை மவுண்ட் தெரிவுகளும்

லினக்ஸ் இயங்குதளத்தில் கர்னல் பூட் அளவுருக்கள் என்பவை, கணினி தொடங்கும்போது பூட் லோடர் கர்னலிடம் ஒப்படைக்கும் ஒற்றை வரி எழுத்து. ரூட் எந்த வட்டில் இருக்கிறது, திரையில் எவ்வளவு செய்தி காட்ட வேண்டும், எந்த வன்பொருள் வசதியைத் தொடக்கூடாது, முதலில் இயக்க வேண்டிய நிரல் எது என்பதையெல்லாம் அந்த வரி சொல்கிறது. மவுண்ட் தெரிவுகள் என்பவை ஒரு கோப்பு முறைமையைக் கோப்புறை மரத்தில் இணைக்கும்போது கூடவே விதிக்கும் நிபந்தனைகள்: அதில் எழுதலாமா, அங்கிருந்து நிரலை இயக்கலாமா, கோப்பைப் படித்த நேரத்தைக் குறிக்க வேண்டுமா, பிழை தென்பட்டால் என்ன செய்வது. முதலாவதைப் பெரும்பாலும் க்ரப் என்ற பூட் லோடரின் அமைப்புக் கோப்பிலும் இரண்டாவதை எஃப்எஸ்டேப் கோப்பிலும் எழுதுவதால், இரண்டையும் தனித்தனிப் பாடமாகவே கற்கிறோம். ரூட் கோப்பு முறைமைக்கு வரும்போது அந்தப் பிரிவு நிற்பதில்லை. பூட் ஆகாமல் பாதியில் நிற்கும் கணினியைச் சரிசெய்ய, எந்தச் சொல்லை யார், எப்போது படிக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வரியும் அதைப் படிப்பவர்களும்

ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் '/ப்ராக்/சிஎம்டிலைன்' என்ற கோப்பைப் பார்த்தால், கர்னல் பெற்ற வரி அப்படியே தெரியும். உபுண்டு நிறுவிய சாதாரண மடிக்கணினியில், ரூட்டின் அடையாள எண்ணுக்குப் பிறகு 'ஆர்ஓ', 'குவயட்', 'ஸ்பிளாஷ்' என்ற மூன்று சொற்கள் நிற்கும். ஒரே வரியில் அடுத்தடுத்து இருந்தாலும் மூன்றையும் படிப்பவர்கள் வேறு வேறு.

'ஆர்ஓ' என்பது ரூட்டை முதலில் படிப்பதற்கு மட்டும் மவுண்ட் செய்யச் சொல்கிறது. எழுத முடியாத நிலையிலேயே எஃப்எஸ்சிகே சரிபார்ப்பை முடித்துக்கொண்டு, பிறகு எஃப்எஸ்டேப்பில் உள்ளபடி மறுமவுண்ட் செய்து எழுதும் நிலைக்கு மாற்றுவது பழைய யூனிக்ஸ் ஒழுங்கு. 'குவயட்' கர்னலின் திரைச் செய்தி அளவை 4 ஆகக் குறைக்கிறது. பிழைச் செய்திகள் மட்டும் திரைக்கு வரும். மற்றவை அழிந்துபோவதில்லை, 'டிமெஸ்ஜி' கட்டளையில் முழுதாகக் கிடைக்கும். கர்னல் முதலில் இயக்கும் இனிட் நிரலான சிஸ்டம்டியும் இதே சொல்லைப் படித்துத் தன் நிலைச் செய்திகளைக் குறைத்துக்கொள்கிறது. 'ஸ்பிளாஷ்' என்றால் கர்னலுக்கு ஒன்றுமே தெரியாது. தொடக்கப் படத்தைக் காட்டும் பிளைமவுத் நிரல்தான் சிஎம்டிலைன் கோப்பைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடுகிறது.

தனக்குத் தெரியாத சொற்களைக் கர்னல் ஒரு விதிப்படி பிரித்து அனுப்புகிறது. சொல்லின் நடுவே புள்ளி இருந்தால் அது அந்தப் பெயருள்ள மாட்யூலுக்கான அளவுரு. சமக்குறி இருந்தால் இனிட் நிரலின் சூழல் மாறியாகும். வெறும் சொல்லாக இருந்தால் இனிட்டுக்கே வாதமாகப் போகும். பராமரிப்பு நிலையில் பூட் செய்யப் பயன்படும் 'சிங்கிள்' இப்படித்தான் வேலை செய்கிறது. அது கர்னலின் அளவுரு அல்ல. இந்தத் தாராளத்துக்கு ஒரு விலை உண்டு. அளவுருவின் பெயரை ஓர் எழுத்து தவறாக அடித்தாலும் கர்னல் நிற்காது, திட்டாது. தெரியாத சொல் என்று அடுத்தவரிடம் தள்ளிவிடும். போட்டும் பலனில்லையே என்று தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எழுத்துப்பிழையைத்தான். அண்மைக் கால கர்னல்கள், அறியாத அளவுருக்களைப் பயனர் வெளிக்கு அனுப்புவதாக டிமெஸ்ஜியில் ஒரு வரி எழுதுகின்றன. உதவியான வரி. ஆனால் அதில் 'ஸ்பிளாஷ்' போன்ற சரியான சொற்களும் இடம்பெறும் என்பதால் எல்லாவற்றையும் பிழையாக எண்ணிவிடக் கூடாது. பெயரில் இணைப்புக்கோடும் அடிக்கோடும் ஒன்றாகவே கொள்ளப்படும். எக்ஸ்86 கணினிகளில் வரியின் மொத்த நீளம் 2048 எழுத்துக்குள் அடங்க வேண்டும்.

ஒரு சொல்லைப் பலர் படிப்பதால் 2014-இல் ஒரு பெரிய பூசலே வந்தது. கர்னலின் விரிவான செய்திகளைப் பெறுவதற்காக இருந்த 'டீபக்' என்ற சொல்லை சிஸ்டம்டியும் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டது. இரண்டும் கொட்டிய செய்தி வெள்ளத்தில் கணினி பூட் ஆவதே தடைப்பட்டது. சிஸ்டம்டி நிரலாளர் ஒருவர் இதைப் பிழையாக ஏற்காதபோது, அந்த நிரலாளரின் நிரலைக் கர்னலில் இனிச் சேர்க்கமாட்டேன் என்று லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாக அறிவித்தார். தமக்கான சொற்களுக்கு முன் 'சிஸ்டம்டி.' என்ற முன்னொட்டு வைத்து எழுதுவதே நல்ல வழக்கம். இன்று அப்படி எழுதும் அளவுருக்களே மிகுதி.

எங்கே எழுதுவது

டெபியன், உபுண்டு வழியில் '/எட்சி/டிஃபால்ட்/க்ரப்' கோப்பில் திருத்தி 'அப்டேட்-க்ரப்' கட்டளையை ஓட்ட வேண்டும். அங்கே அளவுருக்களுக்கு இரண்டு மாறிகள் இருக்கின்றன. 'டிஃபால்ட்' என்று முடிவது வழக்கமான பூட்டுக்கு மட்டும் பொருந்தும். அப்படி முடியாதது மீட்பு நிலைக்கும் சேர்த்துப் பொருந்தும். கணினியை உயிரோடு வைத்திருக்கும் அளவுருவை முதல் மாறியில் மட்டும் எழுதினால், மிகவும் தேவைப்படும் மீட்பு நேரத்தில் அது இருக்காது. ஃபெடோரா, ரெட் ஹாட் வழியில் 'க்ரபி' என்ற கருவி உதவும். சிஸ்டம்டி-பூட்டில் ஒவ்வொரு பூட் பதிவுக்கும் ஒரு சிறு கோப்பு, அதில் 'ஆப்ஷன்ஸ்' என்றொரு வரி. ராஸ்பெரி பையில் 'சிஎம்டிலைன்.டெக்ஸ்ட்' கோப்பு, எல்லாம் ஒரே வரியில் இருக்க வேண்டும், நடுவில் வரியை உடைத்தால் கெட்டது.

எதையும் நிரந்தரமாக எழுதுமுன் ஒரு முறை மட்டும் சோதித்துப் பார்க்கும் வசதியை க்ரப் தருகிறது. பட்டியல் தெரியும்போது எடிட்டைக் குறிக்கும் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் சொல்லைச் சேர்த்து, கன்ட்ரோலுடன் எக்ஸ் அல்லது எஃப்10 அழுத்தினால் போதும். வட்டில் எதுவும் மாறாது. அடுத்த முறை பழைய வரியே வரும். நிறுவியபின் திரை கறுப்பாகவே நிற்கும் கணினிக்கு 'நோமோட்செட்' போட்டுப் பார்ப்பது இப்படித்தான். திரை அமைப்பைக் கர்னலே ஏற்கும் முறையை அது தடுக்கிறது. வரைகலை அட்டைக்கான டிரைவர் சரியாக அமையும்வரை ஒப்பேற்ற உதவும். அதை நிரந்தரமாக விட்டுவைத்துவிட்டு, வரைகலை வேகம் இல்லை என்று பின்னால் வருந்துகிறவர்கள் பலர்.

ரூட்: இரண்டும் சந்திக்கும் இடம்

எந்த வட்டை எப்படி மவுண்ட் செய்வது என்று எஃப்எஸ்டேப் சொல்கிறது. ஆனால் அந்தக் கோப்பே ரூட்டில் இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியதுபோன்ற இந்த நிலையை அவிழ்ப்பதற்குத்தான் பூட் வரியில் 'ரூட்=', 'ரூட்எஃப்எஸ்டைப்=', 'ரூட்ஃப்ளாக்ஸ்=' என்ற மூன்றும் இருக்கின்றன. முதல் மவுண்ட் இவற்றின்படி நடக்கிறது. எஃப்எஸ்டேப்பில் ரூட்டுக்கு எழுதிய தெரிவுகள் அதன்பின் மறுமவுண்டில்தான் செயலுக்கு வருகின்றன.

இது நடைமுறையில் எங்கே கடிக்கும் என்பதற்கு எக்ஸ்ட்4 கோப்பு முறைமை நல்ல சான்று. கோப்பின் உள்ளடக்கத்தையும் ஜர்னலில் எழுதச் சொல்லும் 'டேட்டா=ஜர்னல்' என்ற தெரிவை, மவுண்ட் ஆகிவிட்ட கோப்பு முறைமையில் மறுமவுண்ட் மூலம் மாற்ற முடியாது. ரூட்டுக்கான எஃப்எஸ்டேப் வரியில் அதை எழுதினால் மறுமவுண்ட் தோற்று, ரூட் படிக்க மட்டுமேயான நிலையில் நின்றுவிடக்கூடும். அதற்கு இடம் பூட் வரி: 'ரூட்ஃப்ளாக்ஸ்=டேட்டா=ஜர்னல்'. பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பயன்படுத்துவோரின் பூட் வரியில் 'ரூட்ஃப்ளாக்ஸ்=சப்வால்=' என்று தொடங்கும் சொல் தென்படுவதும் இதனால்தான்; எந்தத் துணைத்தொகுதியை ரூட்டாகக் கொள்வது என்பது எஃப்எஸ்டேப்பைப் படிக்குமுன்பே முடிவாக வேண்டியது.

'ரூட்=' என்பதற்கு எதிரே எழுதும் அடையாளத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. '/டெவ்/எஸ்டிஏ1' போன்ற பெயர்கள் வட்டைக் கண்டுபிடிக்கும் வரிசையைப் பொறுத்து மாறக்கூடியவை. ஒரு யூஎஸ்பி வட்டைச் செருகிப் பூட் செய்தாலே ஏ, பி ஆகிவிடலாம். அதனால் கோப்பு முறைமையின் யூயூஐடி எண்ணை எழுதுகிறோம். ஆனால் அந்த எண்ணைக் கொண்டு வட்டைத் தேடக் கர்னலுக்குத் தெரியாது. அதைத் தேடித் தருவது இனிட்ராம்எஃப்எஸ் என்ற, நினைவகத்தில் விரியும் சிறு தற்காலிக ரூட். அது இல்லாமல் பூட் செய்தால், பகுப்பு அட்டவணையில் உள்ள பார்ட்யூயூஐடி எண்ணைத்தான் தர வேண்டும். அதைக் கர்னல் நேரடியாகப் புரிந்துகொள்ளும். நீண்ட காலம் இனிட்ராம்எஃப்எஸ் இன்றியே பூட் ஆன ராஸ்பெரி பையின் வரியில் பார்ட்யூயூஐடி இருப்பது இந்தக் காரணத்தால். அதே வரியில் உள்ள 'ரூட்வெயிட்', எஸ்டி அட்டை தென்படும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் அட்டை தயாராகுமுன்பே கர்னல் தேடிப் பார்த்து, ரூட் இல்லை என்று பேனிக் ஆகக்கூடும்.

எஃப்எஸ்டேப்பின் நான்காம் புலம்

எஃப்எஸ்டேப்பின் முன்னோடி வடிவம் 4.0 பிஎஸ்டி யூனிக்ஸில் வந்தது. வரிக்கு ஆறு புலங்கள்: சாதனம், மவுண்ட் செய்யும் இடம், கோப்பு முறைமை வகை, தெரிவுகள், டம்ப் எண், சரிபார்ப்பு வரிசை எண். தெரிவுகளை நடுவில் இடைவெளி விடாமல் காற்புள்ளியால் பிரித்து எழுத வேண்டும். காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விழுந்தால், மிச்சமுள்ள தெரிவு ஐந்தாம் புலமாகிவிடும். கண்ணுக்கு எளிதில் படாத பிழை அது.

படித்த நேரக் குறிப்பின் கதை இந்தப் புலத்தில் மிகவும் சுவையானது. யூனிக்ஸ் மரபில் ஒவ்வொரு கோப்பும் கடைசியாகப் படிக்கப்பட்ட நேரத்தை வைத்திருக்கிறது. அப்படியென்றால் ஒரு கோப்பைப் படிப்பதே வட்டில் ஓர் எழுத்து வேலையாகிவிடுகிறது. ஆயிரம் கோப்புகளைத் துழாவும் தேடல், ஆயிரம் குறிப்புகளைத் திருத்துகிறது. லினக்ஸின் வட்டு வேகத்தை இதைவிடக் கெடுப்பது வேறில்லை என்று கர்னல் நிரலாளர் இங்கோ மோல்னார் 2007-இல் வாதிட்டார். 'நோஏடைம்' போட்டு முற்றாக நிறுத்திவிடலாம்தான். ஆனால் புதிய அஞ்சல் வந்திருக்கிறதா என்பதைப் படித்த நேரத்தையும் மாறிய நேரத்தையும் ஒப்பிட்டு அறியும் மட் போன்ற நிரல்கள் குழம்பின. நடுவழியாக வந்தது 'ரெல்ஏடைம்'. கோப்பு மாறியபின் முதன்முறை படிக்கும்போதும், பழைய குறிப்புக்கு 24 மணி நேரம் ஆகிவிட்டாலும் மட்டும் அது நேரத்தைத் திருத்தும். 2009-இல் வந்த 2.6.30 கர்னலிலிருந்து அதுவே இயல்புநிலை. அதனால் வேகம் கூடும் என்று நம்பி இன்று எல்லா வரியிலும் நோஏடைம் ஒட்டுவதில் பெரிய லாபம் கிடைப்பது அரிது. தேய்மானம் கவலையளிக்கும் எஸ்டி அட்டைகளுக்கு அது தகும்.

அதே 2009-இல் எக்ஸ்ட்4 ஒரு கசப்பான பாடம் கற்பித்தது. உபுண்டு 9.04-இன் சோதனைப் பதிப்பில், கணினி திடீரென்று நின்றபின் அமைப்புக் கோப்புகள் சுழிய அளவில் கிடப்பதாகப் பயனர்கள் முறையிட்டனர். வட்டில் இடம் ஒதுக்குவதைத் தள்ளிப்போட்டு வேகம் பெறும் உத்திதான் காரணம். எழுதிய நிரல்கள் எஃப்சிங்க் அழைக்க வேண்டும் என்பது எக்ஸ்ட்4-ஐ வடித்தவர்களில் முதன்மையான தியடோர் சோவின் விளக்கம். அது விதிப்படி சரியே. ஆனாலும் பழைய கோப்பின்மேல் புதியதைப் பெயர்மாற்றி வைக்கும் வழக்கத்தை உணர்ந்து உடனே இடம் ஒதுக்கும் 'ஆட்டோ_டிஏ_அலாக்' தெரிவை அவரே சேர்த்து, இயல்பாகவே இயங்கும்படி வைத்தார். விதியைவிடப் பயனரின் கோப்பு முக்கியம் என்று எடுத்த நல்ல முடிவு அது. இன்றும் எக்ஸ்ட்4 இயல்பாக 5 நொடிக்கு ஒரு முறை ஜர்னலை வட்டில் பதிக்கிறது. 'கமிட்=' என்ற தெரிவால் அதை 60 ஆக்கினால், மின்சாரம் போகும்போது ஒரு நிமிட வேலையையோ அதற்கும் மேலாகவோ இழக்கத் தயார் என்று பொருள்.

பாதுகாப்புக்கானவை 'நோசூயிட்', 'நோடெவ்', 'நோஎக்செக்' மூன்றும். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய தற்காலிகக் கோப்புறைகளிலும், வெளியிலிருந்து வரும் பென்டிரைவ்களிலும் இவை வேண்டும். நோஎக்செக்கை மட்டும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது. ஷெல் ஸ்கிரிப்டை நேரடியாக இயக்குவதை அது தடுக்கும். 'எஸ்எச்' கட்டளைக்கு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஷெல் அதைப் படித்து இயக்கிவிடும்.

'ஆர்ஓ' என்ற தெரிவிலும் இதுபோல் ஒரு மறைவு உண்டு. முறையாக நிறுத்தப்படாத எக்ஸ்ட்4 வட்டை ஆர்ஓ என்று மவுண்ட் செய்தாலும், கர்னல் ஜர்னலை மறு ஓட்டம் விட்டு வட்டில் எழுதும். தடயவியல் ஆய்வில் இது சான்றையே மாற்றிவிடும். 'நோலோட்' என்பதையும் சேர்த்துத் தர வேண்டும். எழுதும் தடுப்புக் கருவி இருந்தால் இன்னும் நல்லது.

எப்போதும் செருகியிராத வட்டுக்கு 'நோஃபெயில்' இல்லாமல் வரி எழுதினால், சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய்விடும். தொலைவில், திரை இல்லாமல் ஓடும் சர்வரில் இந்த ஒரு சொல் விடுபட்டால் நேரில் போய்த்தான் எழுப்ப வேண்டியிருக்கும். கோப்பைத் திருத்தியதும் 'ஃபைண்ட்மவுண்ட்' கட்டளையைச் சரிபார்ப்புத் தெரிவுடன் ஓட்டி, 'மவுண்ட் -ஏ' கொடுத்துப் பார்த்தபின் மறுதொடக்கம் செய்வதே அறிவுடைமை.

மீட்பும் காவலும்

மறந்துபோன ரூட் கடவுச்சொல்லை மாற்றும் பழைய வழி, பூட் வரியில் 'இனிட்=/பின்/பாஷ்' சேர்ப்பது. இனிட்டின் இடத்தில் பாஷ் ஷெல் வந்து நிற்கும், கடவுச்சொல் கேட்காது. ரூட் கோப்பு முறைமை அப்போது ஆர்ஓ நிலையில் இருப்பதால், முதலில் எழுதும் நிலைக்கு மறுமவுண்ட் செய்து, பிறகு 'பாஸ்வேர்ட்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். முடிந்ததும் 'எக்சிட்' அடிக்கக் கூடாது. முதல் நிரல் வெளியேறினால் கர்னல் பேனிக் ஆகும். 'சிங்க்' செய்து, கட்டாய மறுதொடக்கம் கொடுக்க வேண்டும். உரிமையாளருக்கு உதவும் இதே வழி விசைப்பலகையைத் தொடும் எவருக்கும் உதவும். க்ரப்புக்குக் கடவுச்சொல் போட்டால் வரியைத் திருத்த முடியாது. ஆனாலும் வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டுபவரைத் தடுப்பது முழு வட்டு மறையாக்கம் ஒன்றே.

2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் குறைகள் வெளியானபின் சேர்ந்த தடுப்புகளை ஒரே சொல்லில் அணைக்கும் 'மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்', 2019-இல் வந்தது. பிறருடைய நிரல் எதுவும் ஓடாத தனிக் கணிப்பு இயந்திரத்தில் அதற்கு நியாயம் இருக்கலாம். உலாவி ஓடும் வீட்டுக் கணினியில் இல்லை.

மவுண்ட் அழைப்பின் புதிய வடிவம்

மவுண்ட் தோற்கும்போது தவறான வகை, தவறான தெரிவு, கெட்ட சூப்பர்பிளாக், அல்லது வேறு பிழை என்று எல்லாவற்றையும் அடுக்கும் செய்தியைக் கண்டு திகைக்காத லினக்ஸ் பயனர் குறைவு. பழைய மவுண்ட் அழைப்பு எல்லாத் தெரிவுகளையும் ஒரே எழுத்துச் சரமாகக் கர்னலுக்குத் தந்து, பதிலாக ஒரு பிழை எண்ணை மட்டுமே பெற்றது. எந்தத் தெரிவில் கோளாறு என்று சொல்ல அதில் வழியில்லை. டேவிட் ஹோவெல்ஸ் வடித்து, 2019-இல் 5.2 கர்னலில் சேர்ந்த புதிய அழைப்புகள், கோப்பு முறைமையைத் திறப்பது, தெரிவுகளை ஒவ்வொன்றாகத் தருவது, மரத்தில் இணைப்பது என்று வேலையைப் பிரித்தன. ஒவ்வொரு தெரிவுக்கும் தனிப் பிழை விளக்கம் பெற முடியும். மவுண்ட் கட்டளையை வழங்கும் யூட்டில்-லினக்ஸ் தொகுப்பு, 2023-இல் வந்த 2.39 பதிப்பிலிருந்து இவற்றைப் பயன்படுத்துகிறது.