சாவி கேட்காத கடிகாரம்

சுவரில் செருகிவிட்டால் போதும், சாவி கொடுக்கவோ பேட்டரி மாற்றவோ வேண்டியதில்லை. அமெரிக்கப் படுக்கையறைகளில் தலைமுறைகளை எழுப்பிவிட்ட டெலிக்ரான் மின் அலாரம் கடிகாரம் இன்று கடைகளில் இல்லை.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆஷ்லாண்டில் அதை உருவாக்கியவர் ஹென்றி வாரன். மின்சாரத்தின் அலைவுக்கு ஏற்பச் சுழலும் சிறிய மோட்டார்தான் அதன் உயிர். ஆனால் அலைவின் வேகம் ஏறி இறங்கினால் நேரமும் முன்னே பின்னே போகும். அதனால் வாரன் மின்நிலையத்தையே திருத்தப் போனார். 1916 அக்டோபரில் பாஸ்டன் மின்நிலையத்தில் அவருடைய தலைமைக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. அதில் ஒரு முள் ஊசலின் கணக்கில் நகரும். இன்னொரு முள் ஜெனரேட்டரின் மின்சாரத்தில் நகரும். இரண்டும் பிரியாமல் பார்த்துக்கொள்வது பணியாளர் பொறுப்பு. அவர்களுடைய கவனம்தான் கம்பி வழியே வீட்டுக்கு வீடு நேரமாகப் போய்ச் சேர்ந்தது.

60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வீட்டுக் கடிகாரத்தின் சுழலி நிமிடத்துக்கு 3,600 சுற்றுச் சுற்றும். எண்ணெய் நிரப்பி மூடிய சிறு உலோகக் கூட்டுக்குள் பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைக்கும். அலாரத்துக்குத் தனி மணி கிடையாது. மோட்டார் சுருளின் காந்தப்புலமே ஓர் இரும்புத் தகட்டை அதிரவைத்துக் கரகரவென்று எழுப்பும். மின்சாரம் போய் வந்தால் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றும்: நான் காட்டும் நேரத்தை நம்பாதே, சரிசெய் என்பது அதன் பொருள்.

வயதாகும்போது கூட்டிலிருக்கும் எண்ணெய் வற்றி, சக்கரங்கள் இரையத் தொடங்கும். சேகரிப்பவர்கள் கூட்டில் நுண்ணிய துளையிட்டு, புது எண்ணெய் செலுத்தி, ஈயப் பற்றுவைத்து அடைக்கிறார்கள். வெடித்துப்போன ரப்பர் ஒயரை மாற்றுகிறார்கள். பிறகு அது மறுபடி பல வருடம் ஓடும். இப்படிப் பிழைக்கவைக்கக்கூடிய பொருளைச் செய்தவர்களுக்கும், பிழைக்கவைப்பவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

டெலிக்ரானின் இடத்தைப் பிடித்தது பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம். விலை குறைவு, ஒயர் இல்லை, மின்வெட்டிலும் நிற்காது; பழையது தோற்றதில் வியப்பில்லை. ஆனால் பேட்டரி தீரும் வேளையில் குவார்ட்ஸ் முள் யாரிடமும் சொல்லாமல் பின்தங்கும். பழைய கடிகாரத்திடமிருந்து வேலையை வாங்கிக்கொண்ட புதியது, தவறினால் தவறினேன் என்று சொல்லும் அந்தப் பண்பையும் வாங்கியிருக்க வேண்டும்.