மணல் முதல் செயற்கைக்கோள் வரை

கல்வியில் தொழில்நுட்பம் என்றதும் நம் எல்லோருக்கும் கணினிதான் நினைவுக்கு வரும். ஆனால் கருவி மட்டும் தொழில்நுட்பம் அல்ல நண்பர்களே. பாடத்தைக் குறைந்த செலவில் நிறையப் பேருக்குக் கொண்டு சேர்க்கும் வழிமுறையும் அதுதான்.

நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். 1789-ல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியின் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், இதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டு வந்தார். பெரிய மாணவர்களே சிறியவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். 1797-ல் இதுபற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தில் பரவியது.

அதே சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரி. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவில் இருப்பது ஸ்ரீஹரிகோட்டா. கல்விக்கென்றே இந்தியா உருவாக்கிய முதல் செயற்கைக்கோளான எடுசாட், 2004 செப்டம்பர் 20 அன்று இங்கிருந்துதான் கிளம்பியது. 2010 வரை இயங்கியது.

ராக்கெட் ஏவும் நாட்களில் பழவேற்காடு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. அன்றைய வருமானம் போச்சு!

மணலுக்குக் காசு இல்லை. செயற்கைக்கோள் பாடத்துக்கோ ஆன்டெனா, திரை, மின்சாரம் எல்லாம் வேண்டும். 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது பாடம் கைப்பேசிக்கு வந்தது. வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டால் பிள்ளை எதில் படிக்கும்?

செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பது வணிகவியல் மாணவர்களான நமக்குப் பழக்கம். கல்வியிலும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.